விடாது கருப்பும் நமது மௌனமும்

தமிழில் விஞ்ஞானப் புனைவு என்றதும் நமது விமர்சக நண்பர்கள் சுஜாதாவில் ஆரம்பித்து சுஜாதாவிலேயே முடித்துக்கொள்கிறார்கள். 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராக வந்தது என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் டெலிவிஷனுக்கும் கணக்குத் தீர்ந்துவிடும். எழுதியவரைத் தவிர, காட்சியாக்கியவன் என்று ஒருவன் உண்டு என்ற பிரக்ஞையே இவர்களுக்கு இல்லை.

நான் நாகாவைப் பற்றிப் பேச விரும்புகிறேன். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிக்க, இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, இவர் இயக்கி 1990களில் வந்த 'மர்மதேச'த் தொடர்களில் 'ரகசியம்', 'விடாது கருப்பு' இரண்டையும் திகில் என்று முத்திரை குத்தி ஒதுக்கியாயிற்று. ராக்கெட் எங்கே, ரோபோ எங்கே என்று கேட்பார்கள். தளவாடங்களா விஞ்ஞானப் புனைவு? விஞ்ஞானத்தின் விளக்கம் ஒரு ஊருக்குள் நுழையும்போது அந்த ஊர் என்ன ஆகிறது என்பதல்லவா விஷயம்?

'விடாது கருப்பு'வில் குதிரையேறி வரும் காவல் தெய்வத்துக்கு மனோதத்துவம் பிளவுண்ட ஆளுமை என்று பெயர் சொல்கிறது. பெயர் சொல்வது சுலபம். எந்தப் பத்திரிகை டாக்டரும் செய்வார். ஆனால் திரையில் சிறுவனின் பால்யமும் இன்றைய நிகழ்வுகளும் மாறி மாறி ஓடுகின்றன. விளக்கம் வருவதற்குள் அந்தப் பையனை நாம் வாரக்கணக்கில் அறிந்துவிட்டோம். தெய்வத்தைக் கழித்துவிட்டு மீதியாக நிற்பது வியாதியல்ல, ஒரு மனிதன். வாராவாரம் மிரட்டியாக வேண்டிய வியாபாரக் கட்டாயத்துக்குள் இதைச் சாதித்தது சாதாரணமல்ல.

திருவாரூர்க்காரன் என்பதால் இது எனக்குச் சற்று அதிகமாகவே உறைக்கிறது. இங்கே தியாகேசரின் மேனி மூடியே இருக்கும். முகம் தெரியும், பாதம் காண்பதற்கென்று நாள் உண்டு. மூடியதை மூடியதாகவே வைத்து வாழப் பழகிய ஊரில், திறந்து காட்டுவதனாலேயே ஒன்று அறிவாகிவிடாது.

2010ல் ஷங்கர் 'எந்திர'னை இயக்கினார்; அதே ஆண்டு நாகாவின் 'ஆனந்தபுரத்து வீ'ட்டைத் தயாரித்தார். ரோபோவைப் பற்றிப் பேசாத பத்திரிகை இல்லை. 'ஆனந்தபுரத்து வீடு' எனக்கும் ஏமாற்றம்தான்: இறந்த பெற்றோர் அன்பான ஆவிகளாகவே வந்துவிடுகிறார்கள், எதிர்த்து நிற்க ஒரு விளக்கம் இல்லாததால் படம் தொய்ந்துவிடுகிறது. ஆனால் இதைக்கூட அன்று நம்மில் ஒருவரும் எழுதவில்லையே.

1953ல் பிபிசியில் ருடால்ஃப் கார்ட்டியர் 'குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்'டை நேரடி ஒளிபரப்பாக இயக்கினார். ஆறு பகுதிகளில் முதல் இரண்டே பதிவாகி எஞ்சியிருக்கின்றன. அந்த இரண்டையும் எழுத்துப் பிரதியையும் வைத்துக்கொண்டு, எழுதிய நைஜல் நீலுக்குச் சமமாகக் கார்ட்டியரைப் பற்றியும் அங்கே விவாதிக்கிறார்கள். நம்மிடம் 'விடாது கருப்பு' பத்திரமாக இருக்கிறது. அதன் ஒரே ஒரு பகுதியையாவது, ஷாட் ஷாட்டாகப் பார்த்து, அடுத்த இதழுக்குள் யாராவது எழுதட்டும். திட்டியே எழுதட்டும்.