தீர்த்தத் துளசி ரோட்டோரத்துல வளரக் கூடாது



புரட்டாசி நெருங்குது. சனிக்கிழமைகள்ல பெருமாள் சந்நிதியில கூட்டம் நிறைய வரும். தீர்த்தமும் துளசியும் அதிகம் தேவைப்படும். அதுக்கு முன்னாடி தொண்டர்களாகிய நாங்க ஒரு கருத்தை வைக்கிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

ஆலய முன்வேலி ஓரமா இருக்கிற துளசியைத் தீர்த்தத்துக்குப் பறிக்கிறதை நிறுத்தணும். இதுதான் எங்க கருத்து. வேலிக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்க லோரியும் பஸ்ஸும் போகுது. இலையைத் தடவிப் பாருங்க, விரல்ல கறுப்பு ஒட்டும்.

துளசியின் வாசனை எங்கிருந்து வருது? இலையின் மேல்பரப்புல கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கு. கசக்கினா அது உடைஞ்சு மணக்குது. அந்த எண்ணெயில யூஜெனால் என்கிற பொருள் இருக்கு. கிராம்புக்கு அந்த வாசனையைக் கொடுப்பதும் அதேதான். நல்ல வெயில் கிடைச்சாதான் செடி இந்த எண்ணெயை நல்லா உண்டாக்கும். இலை மேல தூசி படிஞ்சா வெளிச்சம் குறையும், செடி சோர்ந்து போகும். 2015-லயும் 2019-லயும் புகைமூட்டத்துக்காகப் பள்ளிக்கூடங்களையே மூடினாங்க. நமக்கே மூச்சு முட்டுற காற்று செடிக்கு மட்டும் நல்லதா இருக்குமா?

அப்போ நல்லா மணக்கிற துளசி சுத்தமான துளசின்னு சொல்லலாமான்னா, அதுவும் முடியாது. தண்ணீர் கொஞ்சம் குறைஞ்சா துளசி மாதிரி செடிகள்ல எண்ணெய் அடர்த்தி கூடுறதும் உண்டு. வாடுற செடியும் மணக்கலாம். வாசனையை வச்சு மட்டும் முடிவு பண்ண முடியாது.

"கழுவினா போச்சு"ன்னு சில அண்ணன்மார் சொல்றாங்க. கழுவத்தான் வேணும். ஆனா துளசி இலையிலயும் தண்டுலயும் மெல்லிய ரோமம் இருக்கு, தூசி அதுல பிடிச்சுக்கும். மண்ணுல ஈயம், காட்மியம் மாதிரி உலோகம் இருந்தா வேர் வழியா இலைக்குள்ளயே ஏறிடும். அதைக் கழுவி எடுக்க முடியாது. நீராவியில வடிச்ச எண்ணெயில இந்த உலோகம் அவ்வளவா வராது, ஏன்னா அது ஆவியாகிறதில்லை. நாம வடிச்ச எண்ணெயையா பயன்படுத்துறோம்? இலையை ஊறவச்ச தண்ணீரைக் குடிக்கிறோம், இலையையும் மென்னு விழுங்குறோம். கைக்குழந்தைக்கும் ஒரு சொட்டு வாயில விடுறோம். வயசானவங்க மருந்துன்னு நம்பிக் கேட்டு வாங்குறாங்க.

"சாமிக்குப் படைச்சா எல்லாம் சுத்தமாயிடும்"னு சொல்றவங்களும் இருக்காங்க. அந்த நம்பிக்கையை நாங்க குறை சொல்லலை. ஆனா அபிஷேகத்துக்குக் கெட்டுப்போன பாலை யாரும் கொண்டு வர்றதில்லையே! பிரசாத அரிசியைக் கல் பொறுக்கித்தானே உலையில போடுறோம்? துளசிக்கும் அதே கவனம் வேணும். தொழிற்சாலையில வேலை செய்றவங்களுக்கு இது நல்லா தெரியும்: உள்ளே வர்ற பொருள் சரியில்லைன்னா கடைசியில எவ்வளவு துடைச்சாலும் சரியா வராது.

அதனால நிர்வாகத்துக்கும் பக்தர்களுக்கும் எங்க வேண்டுகோள்:

1. ஆலயத்தின் பின்பக்கம் வெயில் படுற இடத்துல, புது மண் போட்ட தொட்டிகள்ல தீர்த்தத்துக்குன்னே தனியா துளசி வளர்ப்போம். பூச்சி மருந்து வேண்டாம். தொட்டித் தட்டுல தண்ணீர் தேங்க விடக் கூடாது, ஏடிஸ் கொசு வரும்.

2. கடையில வாங்குற துளசி மாலை சாமிக்குச் சாத்த மட்டும். அதுல என்ன மருந்து அடிச்சிருக்காங்கன்னு நமக்குத் தெரியாது. அதைப் பிய்ச்சு தீர்த்தத்துல போட வேண்டாம்.

3. வீட்டுத் துளசி கொண்டு வர்ற அக்கா, அம்மாமார்களே, கார் புகை படுற இடத்துல இருக்கிற செடியைத் தவிர்த்துடுங்க. உங்க தாமான்ல கொசுவுக்குப் புகை மருந்து அடிச்சிருந்தா அந்த இலையைக் கொண்டு வராதீங்க.

4. முன்வேலித் துளசியைப் பிடுங்க வேண்டாம். அது அங்கேயே இருக்கட்டும், கும்பிடுவோம். குடிக்க மட்டும் வேண்டாம்.

இலை குறைஞ்சாலும் பரவாயில்லை. ஒரு குடம் தீர்த்தத்துக்கு நாலு நல்ல இலை போதும். பெருமாள் கணக்குப் பார்க்க மாட்டார்.

தொட்டி, மண் உபயம் செய்ய விரும்புறவங்களும், காலையில தண்ணீர் ஊத்த முடிஞ்சவங்களும் ஆலய அலுவலகத்துல பெயர் கொடுங்க. மாற்றுக் கருத்து இருந்தா கீழே தாராளமா எழுதுங்க, பேசுவோம்.

ஓம் நமோ நாராயணாய.