ஆட்டோவில் கிரிவலம்

இங்கிலீஷ் குறுக்கெழுத்தில் ஒரு கட்டத்துக்கு 26 எழுத்தில் ஒன்று. நமக்கோ 247! 'கா...ம்' என்று நடுக்கட்டம் காலியாக நின்றால், காலமா, காயமா, காரமா, காகமா என்று மத்தியானச் சாப்பாடு வரை மண்டை காயும். மஜாவே அதுதான் சார்! 1913-ல் ஆர்தர் வின் நியூயார்க் பேப்பரில் முதல் புதிரைப் போட்டதும் ஞாயிற்றுக்கிழமைதான். லீவு நாளின் அருமை தெரிந்த ஆசாமி!

போன வாரப் புதிரில், 'கார்த்திகை தீபத்துக்குப் பேர்போன ஊர், ஏழு எழுத்து'. திருவண்ணாமலைக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? மற்றதும் இதே லட்சணம். டீ ஆறுவதற்குள் கட்டமெல்லாம் ஃபுல். 14 கி.மீ. கிரிவலத்தை ஆட்டோவில் முடித்த மாதிரி... கால்வலியும் இல்லை, புண்ணியமும் இல்லை. திங்கட்கிழமை ஆபீஸில் பீற்றிக்கொள்ளலாம் என்றால், அங்கே எல்லோருமே முடித்திருப்பார்கள். மணி எட்டரைதான். வீட்டில் ஒட்டடைக் கம்பை நீட்டுகிறார்கள்.