பேரேட்டில் உள்ள விவரம் யாருடையது?

நமது சங்கங்களில் அங்கத்தினராகச் சேருகிற ஒருவர், பங்குத் தொகையோடு கூட வேறொன்றையும் சங்கத்தினிடம் ஒப்படைக்கிறார். தமது விலாசம், நிலத்தின் சர்வே எண், தறிகளின் எண்ணிக்கை, வாங்கிய கடன், அடகு வைத்த நகை, வங்கிக் கணக்கு, ஆதார் எண், கைபேசி எண் ஆகிய யாவும் சங்கத்தின் வசம் வந்து சேருகின்றன. பங்குத் தொகைக்கு ரசீது கொடுக்கிறோம். அதன் கணக்கைத் தணிக்கைக்கு உட்படுத்துகிறோம். மகாசபையின் முன் வைக்கிறோம். ஆனால் இவ்விவரங்களுக்கு ரசீதும் இல்லை, தணிக்கையும் இல்லை, கணக்குக் கேட்பாரும் இல்லை. இந்நிலை இனியும் நீடிப்பது சரியன்று என்று கருதுகிறோம்.

விவரங்கள் பேரேட்டில் மட்டும் இருந்த காலத்தில் இக்கேள்வி அவ்வளவாக எழவில்லை. பேரேட்டைப் பார்க்க விரும்புகிறவர் சங்கத்தின் படியேற வேண்டும்; காரியதரிசியின் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். இன்று நிலைமை வேறு. நாட்டிலுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினி மயமாக்க, ரூ. 2,516 கோடிச் செலவிலான திட்டத்துக்கு மத்திய சர்க்கார் 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. 2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் வேளாண் இயக்கம், 11 கோடி விவசாயிகளுக்குத் தனித்தனி அடையாள எண் வழங்குவதை நோக்கமாகக் கொண்டது. 2019-20ஆம் ஆண்டின் கைத்தறிக் கணக்கெடுப்பில் 35 இலட்சத்துக்கும் மேற்பட்ட நெசவாளர்களும் நெசவு சார்ந்த தொழிலாளரும் கணக்கில் வந்தனர். இவை ஒவ்வொன்றும் தனித்தனியே பயனுள்ளவைதாம். கணினியை எதிர்ப்பது நமது நோக்கமன்று. ஆனால் பல பதிவேடுகள் ஓர் எண்ணின் வழியாக ஒன்றோடொன்று இணையும்பொழுது, ஒரு குடும்பத்தின் நிலம், கடன், வருமானம், போக்குவரத்து யாவும் முன்பின் அறியாத ஒருவரின் கண்முன் ஒரே சமயத்தில் விரிய வழியேற்படுகிறது.

“நேர்மையாக வாழ்பவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது?” என்று நமது அங்கத்தினரிலேயே சிலர் கேட்கிறார்கள். இக்கேள்வியை அலட்சியம் செய்வதற்கில்லை. 2021ஆம் ஆண்டில், கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுனுக்கு உட்பட்ட நகைக்கடன்களைத் தள்ளுபடி செய்ய நமது மாநில அரசு முன்வந்தபொழுது, 48 இலட்சத்துக்கும் மேற்பட்ட கடன்களின் விவரங்கள் ஆராயப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ 13 இலட்சமே தகுதியுடையவை எனத் தெரியவந்தது. விவரங்களை ஒப்புநோக்கியிராவிட்டால் பொதுப் பணம் வீணாகியிருக்கும். ஆகவே, விவரம் திரட்டுவது தீமை என்று நாம் சொல்லவில்லை. திரட்டியதை யார் பார்க்கிறார், எதற்காகப் பார்க்கிறார், பார்த்தவரை நாம் கேள்வி கேட்க முடியுமா என்பனவே நமது கேள்விகள்.

இன்னொரு வாதமும் உண்டு. கூட்டுறவு என்பதே ஒருவரையொருவர் அறிந்திருப்பதில்தானே நிற்கிறது, அங்கே அந்தரங்கத்துக்கு என்ன இடம் என்பது அது. இவ்வாதம் பாதி உண்மை. சென்னை மாகாணச் சர்க்காரின் பணிப்பில் ஐரோப்பிய நாடுகளின் கடன் சங்கங்களை ஆராய்ந்த சர் பிரெடரிக் நிக்கல்சன், 1895லும் 1897லும் தமது அறிக்கைகளை அளித்தார். ஜெர்மனியில் ரெய்பீசன் நிறுவிய கிராமச் சங்கங்களின் முறை அவர் மனத்தை மிகவும் கவர்ந்தது. பின்னர் வந்த 1904ஆம் ஆண்டுச் சட்டமும், ஒரே கிராமத்தைச் சேர்ந்த பத்துப் பேர் கூடிச் சங்கம் அமைக்க இடமளித்தது. அண்டை வீட்டாரின் நாணயம் அண்டை வீட்டாருக்குத் தெரியும் என்பதே அதன் அடிப்படை. ஆனால் அங்கே அறிந்தவருக்குப் பொறுப்பும் இருந்தது. ஒருவர் கடனைத் திருப்பாவிடில் மற்றவர் ஈடுசெய்ய வேண்டிய வரம்பற்ற பொறுப்பு அது. என்னை அறிந்தவரை நானும் அறிவேன். என் நஷ்டம் அவரையும் தொடும். இன்றோ நம்மை அறிகிறவரை நாம் அறியோம். நமது நஷ்டத்தில் அவருக்குப் பங்கில்லை. இருபுறமும் அறிந்திருந்தால் அது கூட்டுறவு. ஒருபுறம் மட்டும் அறிந்திருந்தால் அது கண்காணிப்பு.

இதனால் விளையக்கூடிய தீமை கற்பனையன்று. கடன் தவணை எந்தத் தேதியில் முடிகிறது என்பதை அறிந்த வியாபாரி, விவசாயி எந்த நாளில் நெல்லை விற்றே தீரவேண்டும் என்பதையும் அறிவான். அந்நாள் வரையில் காத்திருந்து விலையைக் குறைத்துக் கேட்பான். சங்கத்தில் எத்தனை சேலை தேங்கிக் கிடக்கிறது, நெசவாளருக்கு எவ்வளவு கூலி பாக்கி என்பதை அறிந்த முதலாளியும் அவ்வாறே செய்வான். லேவாதேவிக்காரரின் பலத்தில் ஒரு பாதி பணம். மறுபாதி கடன்பட்டவரின் கஷ்டத்தை அவர் அறிந்திருந்தது. அப்பலத்தைக் குறைக்கவே நமது சங்கங்கள் தோன்றின. நமது பேரேடுகளின் வழியாகவே அப்பலம் மீண்டும் பிறர் கைக்குப் போவதை நாம் எங்ஙனம் அனுமதிப்பது?

கைபேசிச் செயலிகளின் மூலம் கடன் கொடுத்தவர்கள் செய்த கொடுமையை நாடு அறியும். கடன் வாங்கியவரின் கைபேசியிலிருந்த உற்றார் உறவினரின் எண்களை எடுத்துக்கொண்டு, அவர்களையெல்லாம் அழைத்துப் பேசி அவமானப்படுத்தினார்கள். ரிசர்வ் வங்கி நியமித்த குழு, 2021ஆம் ஆண்டின் முதல் இரண்டு மாதங்களில் காணப்பட்ட சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை என்று அறிவித்தது. பின்னர் 2022 செப்டம்பரில், கடன் செயலிகள் கைபேசியிலுள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கலாகாது என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது.

கடவுச்சொல்லைக் காக்கத் தவறினால் என்ன நேரும் என்பதற்கும் நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. விவசாயிகளுக்கு ஆண்டுக்கு ரூ. 6,000 வழங்கும் பிரதமரின் உதவித் தொகைத் திட்டத்தில், தகுதியற்றோர் இலட்சக்கணக்கில் சேர்க்கப்பட்டு, ரூ. 110 கோடி அளவில் முறைகேடு நடந்தது 2020ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அலுவலருக்குரிய கடவுச்சொற்கள் வெளியாரின் கைக்குச் சென்றதே அதற்கு வழிவகுத்தது. இரும்புப் பெட்டியின் சாவியைத் தெருவில் போவோரிடம் கொடுக்கத் துணியாத நாம், கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதிக் கணினியின் மேல் ஒட்டி வைக்கலாகுமா?

சட்டம் நமது பக்கம் இல்லாமலில்லை. அந்தரங்கம் அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமை என்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதற்கு முன்னரே, 2013ஆம் ஆண்டில், கேரளத்தின் தலப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கில் நமது இயக்கத்தை நேரடியாகத் தொடும் தீர்ப்பொன்று வந்தது. ஒரு சங்கத்தின் அங்கத்தினர் சிலருடைய கணக்கு விவரங்களை ஒருவர் தகவல் அறியும் சட்டத்தின் கீழ்க் கோரியதிலிருந்து எழுந்த வழக்கு அது. சர்க்காரின் கணிசமான நிதியுதவி பெறாத கூட்டுறவுச் சங்கம் அச்சட்டத்துக்கு உட்பட்டதன்று என்றும், அங்கத்தினரின் அந்தரங்கம் மதிக்கப்பட வேண்டியது என்றும் கோர்ட் கூறியது.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், விவரம் கொடுப்பவரின் தெளிவான இசைவைப் பெற வேண்டும் என்கிறது. அதற்கான அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட அட்டவணை மொழிகளில் பெறும் வாய்ப்பையும், கொடுத்த இசைவைத் திரும்பப் பெறவும் பிழையைத் திருத்தவும் கோரும் உரிமையையும் அளிக்கிறது. விவரங்களைப் பாதுகாக்கத் தவறுவோருக்கு ரூ. 250 கோடி வரையில் அபராதம் விதிக்கலாம். இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகளை நிறைவேற்ற 18 மாத அவகாசம் தரப்பட்டது. எனினும், சர்க்காரின் அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தைச் சர்க்காரே தன்னிடம் வைத்துக்கொண்டிருப்பது இச்சட்டத்தின் பெருங்குறை. பிறரைக் கட்டுப்படுத்தும் விதி தன்னையும் கட்டுப்படுத்தும் என்று சர்க்கார் முன்வந்து சொல்லியிருந்தால் அதன் மதிப்பு உயர்ந்திருக்கும்.

சட்டத்தின் கெடு வரும்வரை சங்கங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த மகாசபையிலேயே தீர்மானங்கள் நிறைவேற்றலாம். முதலாவதாக, அங்கத்தினரைப் பற்றிய எந்தெந்த விவரங்கள் சங்கத்தில் இருக்கின்றன, அவை எவருக்கு அனுப்பப்படுகின்றன என்ற பட்டியல் ஆண்டறிக்கையோடு வாசிக்கப்படட்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு குமாஸ்தாவுக்கும் தனிக் கடவுச்சொல் இருக்கட்டும்; யார் எப்பொழுது எந்தக் கணக்கைத் திறந்தார் என்பதும் தணிக்கைக்கு உட்படட்டும். மூன்றாவதாக, தேவைக்கு மேல் ஒரு விவரமும் கேட்கலாகாது. முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதார் போதுமான இடத்தில் முழு எண்ணையும் வாங்கலாகாது. நான்காவதாக, அங்கத்தினரின் அட்டைகளைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பும் வழக்கமும், பழைய மனுக்களைக் கடலை மடிக்கும் காகிதமாக எடைக்குப் போடும் வழக்கமும் அறவே ஒழிய வேண்டும்.

அங்கத்தினர்களுக்கும் ஒரு கடமை உண்டு. நீட்டிய தாளில் கையொப்பமிடுமுன், விரலைக் கருவியில் வைக்குமுன், “இது எதற்காக?” என்று கேட்பது அவமரியாதையன்று. நெசவு செய்து களைத்து வந்தவரும், வயலில் நின்று வந்தவரும் கேட்கத் தயங்கலாம். அத்தயக்கத்தைப் போக்கி, கேட்பதற்கு முன்பே சொல்லுவது நிர்வாகக் கமிட்டியின் பொறுப்பு. சங்கத்தின் பணம் அங்கத்தினருடையது என்பதை நாம் ஒப்புக்கொண்டு நெடுங்காலமாகிறது. அவர்களைப் பற்றிய விவரமும் அவர்களுடையதே என்பதை ஒப்புக்கொள்ள இன்னும் தாமதம் செய்யலாகாது. இவ்வாண்டு மகாசபைகள் இதற்கு வழிகாட்டும் என்று நம்புகிறோம்.