விஞ்ஞான ஆசிரியரும் பயிற்சியும்

பௌதிகத்தில் பட்டம் பெற்ற ஒருவர் பி.எட். முடித்துப் பட்டதாரி ஆசிரியராக உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்ததும், பத்தாம் வகுப்புவரை விஞ்ஞானம் ஒரே பாடம் என்ற தமிழகத்து ஏற்பாட்டின்படி, இரசாயனத்தோடு தாவரவியலையும் விலங்கியலையும் சேர்த்தே போதிக்க வேண்டியவராகிறார். அதற்குரிய ஆயத்தம் அவருக்குக் கிட்டுகிறதா என்பதே என் கவலை. 2015 முதல் அப்பயிற்சி ஓராண்டிலிருந்து ஈராண்டாக நீண்டது வரவேற்கத்தக்கதே. ஆயினும், பாடக்குறிப்பேடு நிரப்புவதிலும் அட்டையில் படம் வரைவதிலும் அக்காலம் கழிந்துவிடுமாயின் பிரயோஜனம் என்ன? மக்னீசிய நாடாவை மூடியிட்ட புடக்குகையில் எரிப்பதற்கு முன்பு, எஞ்சும் வெண்சாம்பல் நாடாவைவிடக் கனக்குமா, லேசாயிருக்குமா என்று வினவி, லேசாகத்தான் இருக்கும் என்று பிள்ளைகள் சொல்லும் விடையைப் பொறுமையுடன் செவிமடுத்து, காற்று உட்புகவும் புகை வெளியேறாதிருக்கவும் மூடியை அவ்வப்போது சற்றே தூக்கி இறக்கி, பிராணவாயு சேர்ந்தமையால் எடை கூடிற்று என்பதைத் தராசின் சாட்சியாக அவர்களே கண்டறியச் செய்யும் சாமர்த்தியம், புத்தகத்தைப் படித்து வருவதன்று. பன்முறை தம் கையால் செய்து, தவறி, அனுபவமுள்ள ஒருவரால் திருத்தப்பட்டே வருவது. பத்தாம் வகுப்பு விஞ்ஞானத்தில் செய்முறைக்கு 25 மதிப்பெண் ஒதுக்கியிருக்கிறோம். தாமே செய்து பழகாத ஆசிரியரிடம் அதுவும் வெறும் எழுத்து வேலையாகவே முடியும். ஆகவே, ஒவ்வொரு பயிற்சி ஆசிரியரும் தமக்குப் பழக்கமில்லாத பிரிவிலும் சில பரிசோதனைகளையாவது மாணாக்கர் முன்னிலையில் நிகழ்த்திக் காட்டிய பின்னரே பட்டம் வழங்க வேண்டுமெனக் கல்வித்துறையினரை வேண்டிக்கொள்கிறேன்.