ஒரு சாவி, ஐந்து இரவுகள்

“அக்கா, எட்டு நாள் இத்தாலி. ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ், மிலான், பைசா எல்லாம் பார்த்துடணும். அம்மாவுக்கு முட்டிவலி வேற. எப்படிப் பிளான் பண்றது?”

பள்ளி விடுமுறை நெருங்கினால் இப்படி ஒரு குரல் பதிவாவது எனக்கு வந்துவிடும். ஊர்ப் பட்டியல் மட்டும் கொஞ்சம் மாறும், முட்டிவலி மாறாது.

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹோட்டல் மாறும் நாளில் காலையில் துணி மடித்து, பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, ரயில் பிடித்து, அடுத்த ஊரில் பிற்பகல் வரை அறைக்காகக் காத்திருந்தால் அரை நாள் போய்விடும். ஐந்து ஊர் என்றால் நான்கு மாற்றம், அதாவது இரண்டு முழு நாள். எட்டு நாளில் இரண்டு நாளைப் பெட்டிக்குக் கொடுப்பதா? கருங்கல் பாவிய தெருக்களில் சக்கரப் பெட்டி உருளாது, குதிக்கும். வெனிஸில் பாலத்துக்குப் பாலம் படிக்கட்டு. பழைய கட்டடத்து ஹோட்டல்கள் பலவற்றில் லிஃப்ட்டும் இருக்காது.

அதனால் ஒரே ஊரில் தங்கி, காலையில் போய் இரவு திரும்புங்கள். எந்த ஊர் என்று கேட்டால், போலோஞ்ஞா என்பேன். நானும் அம்மாவும் அங்கே ஐந்து இரவு தங்கியிருக்கிறோம்.

வட இத்தாலியின் ரயில் தடங்கள் பல சந்திக்கும் இடம் அது. ஃபுளோரன்ஸுக்கு அதிவேக ரயிலில் நாற்பது நிமிடத்துக்குள் போகலாம். வெனிஸுக்கு ஒன்றரை மணி நேரம், மிலானுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். மோடனா, ஃபெராரா, பார்மா, ரவென்னா எல்லாம் சாதாரண வட்டார ரயிலிலேயே போய்விடலாம்.

வட்டார ரயிலின் அருமை அதன் டிக்கெட்டில் இருக்கிறது. இருக்கை பதிவு கிடையாது. இன்று வாங்கினாலும் சென்ற மாதம் வாங்கியிருந்தாலும் ஒரே விலை. காலையில் எழுந்து, மழையா வெயிலா, அம்மாவின் கால் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஊரை முடிவு செய்யலாம். தாள் டிக்கெட் என்றால் ஏறுமுன் நிலையத்தில் இருக்கும் சிறு இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள், இல்லையேல் அபராதம். அதிவேக ரயில் அப்படியில்லை. முன்கூட்டி வாங்கினால் மலிவு, ஆனால் மலிவு டிக்கெட் அந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான். அந்த வண்டிகள் பல போலோஞ்ஞா நிலையத்தின் அடியில், தரைக்குக் கீழே வந்து நிற்கும். இறங்கிப் போகவே பத்து நிமிடம் வையுங்கள்.

அந்த நிலையத்தின் வெளிச்சுவரில் ஒரு கடிகாரம் 10.25-லேயே நிற்கிறது. 1980 ஆகஸ்ட் 2-ஆம் தேதி காலை அங்கே குண்டு வெடித்து 85 பேர் இறந்த நேரம் அது. பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள்.

ஊரும் வெறும் ரயில் சந்திப்பு அல்ல. 1088-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகம் இருப்பதால் மாணவர் கூட்டம், அதனால் நள்ளிரவு வரை தெருவில் ஆள் நடமாட்டம். நம் பழைய கடைவீடுகளின் காக்கி லீமாவைப் போல, தூண் வைத்த நடைபாதைகள் இங்கே ஏறத்தாழ 62 கிலோமீட்டர் ஓடுகின்றன. 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. மழையிலும் குடையில்லாமல் அம்மா நடந்தார். பைசாவை விட்டுவிட்டோமே என்று வருந்துபவர்களுக்கு, இங்கும் 48 மீட்டர் உயரத்தில் கரிசெண்டா என்ற சாய்ந்த கோபுரம் இருக்கிறது. 2023 முதல் வேலி போட்டுப் பாதுகாத்து வருகிறார்கள், தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு ஊருக்குத்தான் போக முடியும் என்றால் ரவென்னாவுக்குப் போங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கல்லா பிளாசிதியா நினைவிடம் வெளியே பார்த்தால் சாதாரணச் செங்கல் கட்டடம். உள்ளே தலையைத் தூக்கினால் கருநீல வானில் பொன் நட்சத்திரங்கள், அத்தனையும் கண்ணாடித் துண்டுகள், ஐந்தாம் நூற்றாண்டு வேலை. சில நிமிடம்தான் நிற்க விடுவார்கள். பக்கத்திலேயே சான் விதாலே தேவாலயத்தில் பேரரசர் ஜஸ்டினியனும் அரசி தியடோராவும் சுவரிலிருந்து நேராக நம்மைப் பார்க்கிறார்கள். ஃபுளோரன்ஸ் நாடு கடத்திய கவிஞர் தாந்தே 1321-இல் இறந்ததும் இங்கேதான். அவர் கல்லறை விளக்குக்கு ஆண்டுதோறும் எண்ணெய் கொடுப்பது அதே ஃபுளோரன்ஸ்!

உங்கள் கனவு சியனா, லுக்கா, பைசா என்றால் நான் சொன்னதை விட்டுவிட்டு ஃபுளோரன்ஸிலேயே தங்குங்கள், அவை அங்கிருந்துதான் பக்கம். ரோமை மட்டும் எங்கிருந்தும் ஒரு நாளில் போய்த் திரும்ப நினைக்க வேண்டாம், அதற்குத் தனியாக இரண்டு மூன்று இரவு வேண்டும். மிலானிலோ வெனிஸிலோ இறங்கி, ரோமிலிருந்து ஊர் திரும்பும்படி விமான டிக்கெட் எடுத்தால் வந்த வழியே திரும்பி ஓட வேண்டாம்.

ரயில் வேலைநிறுத்தம் அங்கே அடிக்கடி வரும். ஆனால் வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட வட்டார ரயில்கள் கட்டாயம் ஓடும். அறை பதிவு செய்யுமுன் வர்த்தகக் கண்காட்சித் தேதிகளையும் பாருங்கள். வசந்த காலத்தில் சிறுவர் புத்தகக் கண்காட்சி போன்றவை நடக்கும்போது அறை வாடகை எகிறிவிடும்.

சாப்பாடுதான் பலருக்குக் கவலை. போலோஞ்ஞா இறைச்சிக்குப் பேர்போன ஊர், மாடும் பன்றியும் எதிலெல்லாமோ இருக்கும். ‘சென்ஸா கார்னே’ என்றால் இறைச்சி வேண்டாம் என்று பொருள், அதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஃபெராராவில் பூசணிக்காய் அடைத்த பாஸ்தா கிடைக்கும், எங்களுக்கு மிகவும் பிடித்தது. பார்மா பாலாடைக்கட்டியில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்ப்பார்கள், கண்டிப்பான சைவர்கள் கவனிக்க. போலோஞ்ஞாவிலோ ஓர் எழுத்தில் தட்டு மாறிவிடும். தோர்தெல்லீனி என்றால் உள்ளே பன்றி இறைச்சி. தோர்தெல்லோனி என்றால் பெரும்பாலும் ரிக்கோட்டா பாலாடைக்கட்டி. ஆர்டர் கொடுக்கும்போது அந்த ‘லோ’வைச் சத்தமாகச் சொல்லுங்கள்.