இயந்திரம் எழுதட்டும் என்போருக்கு

கேட்ட மாத்திரத்தில் கட்டுரையும் கடிதமும் செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்துவிடுகிறபோது, மனிதன் தினந்தோறும் உட்கார்ந்து எழுதிப் பழகுவது வீண் பிரயாசை என்று படித்தவர்களே பேசத் தொடங்கியிருக்கிறார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த சமயத்தில் வேடிக்கைப் பேச்சாகக் கிளம்பிய இந்த அபிப்பிராயம், இன்று மறுக்க முடியாத சித்தாந்தம் போலவே உலவுகிறது. நான் இதை அடியோடு மறுக்கிறேன்.

அலுவலகச் சுற்றறிக்கையையும் வங்கிக்குப் போகும் விண்ணப்பத்தையும் இயந்திரம் எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. தாலுகா கச்சேரி வாசலில் உட்கார்ந்திருந்த மனு எழுதுகிறவரிடம் காசு கொடுத்து நம் பாட்டனார்கள் செய்துகொண்ட காரியந்தான் அது. ஆனால் அவரிடம் போய், "ஐயா, இன்றைக்கு என் மனசில் என்ன ஓடிற்று என்று எழுதிக் கொடுங்கள்" என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

புதுச்சேரியில் துபாஷியாக, அதாவது பிரெஞ்சுக்காரருக்கு மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ல் தொடங்கி, 1761-ல் காலமாகும் வரையில் எழுதிவந்த நாட்குறிப்பைப் பாருங்கள். துறைக்கு வந்த கப்பல், அதற்கு முழங்கிய பீரங்கி, வியாபாரத்தின் லாபநஷ்டம், குவர்னர் துய்ப்ளேக்ஸோடு நடந்த சம்பாஷணை, 1748-ல் வேதபுரீசுவரர் கோயில் இடிபட்ட துயரம் ஆகிய யாவும், இலக்கணப் பண்டிதர் சிவப்பு மையைத் தேடும்படியான பேச்சுத் தமிழில் அதிலே பதிவாகியிருக்கின்றன. ஏற்கெனவே எழுதப்பட்டுக் குவிந்த வாசகங்களைக் கற்று, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கோக்கிற இயந்திரத்திற்கு, கண்டவர் ஒருவர் எழுதி வைக்காத வரையில் இச்செய்திகள் எங்கிருந்து கிடைக்கும்? அந்தக் குறிப்பைத் திருத்தித் தரும்படி அதனிடம் ஒப்படைத்திருந்தாலோ, அக்காலத்துப் புதுச்சேரி பேசிய தமிழைத்தான் முதலில் துடைத்திருக்கும்!

"விஷயத்தை நான் சொல்கிறேன், நடையை மட்டும் அது பார்த்துக்கொள்ளட்டும்" என்பவர்களுடைய வாதம் முதலில் சொன்ன அபிப்பிராயத்தைவிடச் சாமர்த்தியமானது. ஆகையால் அதைவிட அபாயகரமானது. எனக்குத் தெரிந்த ஒருவர், தம் தாயாரின் பதினாறாம் நாளுக்கு அச்சிட்ட நினைவுக் குறிப்பை இயந்திரத்தைக் கொண்டு எழுதுவித்தார். அன்பின் திருவுருவம், தியாகச் சுடர், குடும்பத்தின் ஆணிவேர் என்று எந்த வீட்டுத் தாய்க்கும் பொருந்தும்படி அது அமைந்திருந்தது. அந்த அம்மாளோ, பால் கணக்கைச் சமையலறைச் சுவரில் கரிக்கோடாகப் போட்டுவைத்து, மாதக் கடைசியில் பால்காரரைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி ஒவ்வொரு கோடாக எண்ண வைத்தவர். மகனுக்கு இது தெரியாததன்று. எழுத உட்காராததால் ஞாபகத்திற்கு வரவில்லை, அவ்வளவுதான். விஷயம் முன்கூட்டியே தயாராகக் காத்திருக்கிறது என்பதே பிரமை. பாதி வாக்கியத்தில் பேனா தயங்கி நிற்கிற இடத்தில்தான் அது பெரும்பாலும் வந்து சேருகிறது. அந்தத் தயக்கத்தைச் சிரமம் என்று கருதி இயந்திரத்திடம் தள்ளிவிடுகிறவர், நடையோடு விஷயத்தையும் சேர்த்தே இழக்கிறார்.

எனவே, எழுதத் தொடங்க விரும்பும் அன்பர்கள் நடையழகைப் பற்றிய கவலையை விட்டு, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, அன்றைக்குக் கண்ட ஒன்றை, ஆளும் இடமும் விலையும் விடாமல், அரைப் பக்கம் எழுதி வருவார்களாக. இயந்திரத்திடம் காட்டியே தீரவேண்டுமென்றால் ஆறு மாதம் கழித்துக் காட்டலாம். அதுவும் எழுத்துப்பிழை பார்ப்பதற்கு மட்டும்.