கொம்பனித்தெருவும் கனவான்களின் விருந்து மேசையும்

'பிஸ்ட்ரோ' என்ற சொல் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிரெஞ்சு நாட்டிலே வழக்குக்கு வந்தபோது, அது சுட்டியது பாரிஸ் நகரத்துச் சிறிய சாப்பாட்டுக்கடையையே. கூலியாளும் வண்டிக்காரனும் எழுதுவினைஞனும் குறைந்த செலவிற் பசியாறிய இடம் அது. அச்சொல் கொழும்புக்குக் கப்பலேறி வந்தபோது தன் பொருளைத் துறைமுகத்திலேயே இறக்கிவைத்துவிட்டது போலும். இன்று இந்நகரிற் பிஸ்ட்ரோ எனப்படுவது குளிரூட்டப்பட்ட மண்டபம், வாயிலிற் சீருடைக் காவலாளி, ஆங்கிலத்தில் அச்சிட்ட உணவுப் பட்டியல், அதன் அடியிலே பத்து வீதச் சேவைக் கட்டணமும் வரிகளும் சேர்க்கப்படும் என்ற பொடியெழுத்து அறிவித்தல் ஆகியவற்றின் தொகுதியாகும்.

இத்தகைய உணவகங்கள் கறுவாத்தோட்டத்தில் இருப்பதில் வியப்பில்லை. பணமுள்ளோர் வாழுமிடத்திற் பணமுள்ளோர் உண்கின்றனர். அவை கொம்பனித்தெருவின் ஓரத்திலே, பழைய களஞ்சியசாலைகளின் செங்கற்சுவரைச் சாந்துரித்துக் காட்சிக்கு வைத்து அமர்ந்திருப்பதே ஆராய்வுக்குரியது.

கொம்பனித்தெரு எத்தகைய இடம்? ஒல்லாந்தர் தம் அடிமைகளை இரவில் அடைத்துவைத்த நிலம் அது. அதன் பழைய ஆங்கிலப் பெயர் அதற்குச் சான்று. பெய்ரா வாவியின் நீரே அவர்களுக்குச் சிறைமதிலாயிற்று. பின்னர் அந்நியரின் படைகளிற் சேவித்த மலாயர் அங்கு நிலைகொண்டனர். ஜாவா ஒழுங்கை, மலே வீதி, ரைபிள் வீதி என்னும் பெயர்களிலே அவ்வரலாறு படிந்து கிடக்கின்றது. வேகந்தைப் பள்ளிவாசல் 1786இல் எழுந்தது. கியூ வீதியிலே சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலின் கோபுரம் நிற்கின்றது. மலாயரும் சோனகரும் தமிழரும் சிங்களவரும் ஒரே ஒழுங்கையிற் கதவுக்குக் கதவு வாழ்ந்த இவ்விடத்தின் உணவும் அக்கலப்பிலே பிறந்ததே. பிட்டும், மாட்டிரைப்பைக் கறியாகிய பாபத்தும், நாசி கோரெங்கும், தோசையும், இரவு நெடுநேரம் இரும்புத் தட்டில் ஒலிக்கும் கொத்து ரொட்டியும் அங்கே ஒன்றையொன்று விலக்காமல் வாழ்ந்தன.

இவ்விடத்துச் சைவக்கடையையும் தேநீர்க்கடையையும் வெறும் வணிக நிலையங்களாகக் கொள்வது தவறாகும். ஊரிலிருந்து தொழில் தேடி வந்த இளைஞனுக்குச் சம்பள நாள்வரை கடன் கொப்பியில் எழுதிச் சோறு போட்டவை அவை. அங்கே ஒருவன் அமர்ந்திருக்கும் மேசையின் எதிர்ப்புறத்தில் முன்பின் அறியாத இன்னொருவன் கேளாமலே வந்து அமர்வான். செய்தித்தாளின் ஒரு பக்கம் கைமாறும். பிஸ்ட்ரோவிலோ மேசை முற்பதிவு செய்யப்படுகின்றது. அயலவன் அங்கே வந்து அமர வழியில்லை என்பதே அதன் முதற் கவர்ச்சி. இதனை எவரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. காவலாளியின் கண் சொல்லிவிடுகின்றது.

இந்த உணவகங்களுக்கு இடம் எவ்வாறு வாய்த்தது என்ற வினாவை எழுப்பினால் மேசையில் அமைதி குலையும். எனினும் எழுப்பத்தான் வேண்டும். 2010ஆம் ஆண்டில் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. வடிகானும் வீட்டுத்திட்டமும் எந்தப் பகைவனுக்கு எதிரான போர்த்தளவாடம் என்று அன்று கேட்டோர் சிலரே. அவ்வாண்டு மே மாதத்தில் மியூஸ் வீதியின் வீடுகள் படையினர் சூழ்ந்து நிற்க இடித்துத் தள்ளப்பட்டன. உறுதி வைத்திருந்தோரும் மாநகர சபைக்கு வரி செலுத்தியோரும் கல்வீட்டில் வாழ்ந்தோரும், எல்லோரும் 'சேரிவாசிகள்' என்ற ஒரே சொல்லால் அளக்கப்பட்டனர். நகரின் ஏறத்தாழ 70,000 குடும்பங்களைத் தொடர்மாடிகளுக்கு அனுப்பிப் பெறுமதிமிக்க நிலத்தை 'விடுவிப்பது' திட்டமாயிற்று. தெமட்டகொடையிலும் வனாத்தமுல்லையிலும் அவர்களுக்குக் கிடைத்தவை 400 சதுர அடி அளவான வீடுகள். அவற்றுக்கும் பத்து இலட்சம் ரூபாவை ஆண்டுக்கணக்கிலே தவணையாகச் செலுத்துமாறு குடும்பங்கள் கேட்கப்பட்டன. வாசலில் இடியப்பம் அவித்து விற்ற பெண்ணுக்குப் பன்னிரண்டாம் மாடியில் வாசல் ஏது? வாடிக்கையாளர் ஏது? ஜாவா ஒழுங்கையிலிருந்து வாடகைப் பணத்துடன் வெளியேற்றப்பட்டோர் வாக்களிக்கப்பட்ட வீட்டுக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தனர்.

பிஸ்ட்ரோவின் முதலாளி எந்த வீட்டையும் இடிக்கவில்லை என்று அவருக்காக வாதாடுவோர் கூறுவர். உண்மையே. ஆனால் இடிப்பு முடிந்த தெருவிலே நிலவாடகை ஏறுவதை எதிர்பார்த்துக் கடை விரிப்பவர் அவரே. அவருடைய விளக்குகள் எரியத் தொடங்கியதும் அடுத்த கட்டடத்தின் சொந்தக்காரர் தம் வாடகையாளரைப் புதிய கண்ணாற் பார்க்கின்றார். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் அளித்த காப்பில், பழைய குறைந்த வாடகையிற் காலந்தள்ளிய சாப்பாட்டுக்கடைகள் பல. அக்கடை அகன்றதும் அக்காப்பும் அகன்றுவிடுகின்றது. அதே வாடகைக்கு அவ்வயலில் இன்னொரு கடை எழப்போவதில்லை.

வேலைவாய்ப்பு என்னும் வாதம் இன்னும் வலிமையானது போலத் தோன்றும். அயலிலுள்ள இளைஞர் சிலர் பரிசாரகராகவும் பாத்திரம் கழுவுவோராகவும் அமர்த்தப்படுகின்றனர் என்பது மெய்தான். 2025 ஏப்ரலில் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாவாக்கப்பட்டது. இருவர் ஓரிரவு உண்டு, வைனும் அருந்தி எழுந்தால் அத்தொகையின் பெரும்பகுதி கரைந்துபோவது அரிதன்று. ஒரு மாத உழைப்பும் ஓரிரவு விருந்தும் அருகருகே நிற்கும் இக்கணக்கை 'வாய்ப்பு' என்று அழைப்பதற்குப் பொருளியற் பட்டம் வேண்டும்.

இவ்விடத்து இடதுசாரிகள் சிலரையும் குறிப்பிடாதிருத்தல் இயலாது. பிஸ்ட்ரோவில் உண்பவனைப் பாவியாக்கிவிட்டால் தம் கடமை முடிந்தது என்பது அவர்கள் நினைப்பு. காலையில் விரிவுரை மண்டபத்தில் வர்க்க முரண்பாட்டை விளக்கிவிட்டு மாலையிற் பிறந்தநாள் விருந்துக்கு அங்கேயே செல்வோரும் அவர்களிடையே உளர்; அது கிடக்கட்டும். நல்ல உணவை விரும்புவது குற்றமன்று. உழைப்பவனும் அதை விரும்புகிறான். 2022 செப்டெம்பரிற் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக உயர்ந்தபோது அவன் இழந்ததும் அதையே. ஒருவன் எங்கே உண்கிறான் என்பதைவிட, அவன் உண்பதற்காக எவர் எழுப்பப்பட்டார் என்பதே வினா. நிலத்தின் பயன்பாட்டைத் தீர்மானிக்கும் அவையிலே அந்நிலத்தில் வாழ்ந்தோருக்கு இடமளிக்காத வரையில், மேசைக்குச் செல்லாமல் விடுவதால் மட்டும் ஒரு குடும்பமும் மீளப்போவதில்லை.

அருவருப்பூட்டுவது வேறொன்று. வறுமை அங்கே சுவைப்பொருளாக விற்கப்படுகின்றது. 'உண்மையான பழைய கொழும்பு' என்பது விளம்பரம். உரித்த சுவர், துருப்பிடித்த கம்பி, வெளியே காயும் அயலவரின் துணி யாவும் காட்சியாகின்றன. தெருவோரத்தில் விற்ற கொத்து, வெண்பீங்கானிற் சிறு குவியலாய்ப் பன்மடங்கு விலைக்கு வருகின்றது. பெயரில் மட்டும் 'தெரு' ஒட்டிக்கொண்டிருக்கின்றது. தெருவில் அதனை விற்றவனின் வண்டியோ நடைபாதைக்கு இடையூறு என அகற்றப்படுகின்றது. அடிமைகளின் பெயரைச் சுமந்த நிலத்திலே அப்பெயரும் ஒரு கவர்ச்சிப் பொருளாகிவிட்டமை வரலாற்றின் கொடிய பகடி.

இரவு பதினொரு மணியளவில் விருந்தினரின் வாகனங்கள் சென்றபின் அடுக்களைத் தொழிலாளர் பின்கதவால் வெளியே வருகின்றனர். பசியாற அவர்கள் நடந்து செல்வது, அவ்வயலில் இன்னும் மூடப்படாமல் எஞ்சியிருக்கும் கொத்துக் கடைக்கு.